நாலு கிழங்கு

என் கைக்குச் செடி வராது என்று முதலில் சொன்னவர் என் வீட்டுக்காரர். சொன்னதோடு விடாமல், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. எழுபதுகளின் நடுவில் ஜவ்வாது மலைக்குக் குடிபோனதிலிருந்து நான் வைத்த எதுவும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. ஒன்றே ஒன்றுதான் பிழைத்தது. அதுவும் மற்றவை போலச் செத்துத் தொலைந்திருந்தால், இத்தனை வருஷம் கழித்து உட்கார்ந்து இதை எழுதவேண்டி வந்திருக்காது.

எங்களுக்குச் சொந்த ஊர் வாணியம்பாடி. என் அம்மா வீட்டு முற்றத்தில் ரோஜாவும் மருதாணியும் யாரும் ஏறிட்டுப் பார்க்காமலே தழைக்கும். என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். அந்த நாற்றமும் சுண்ணாம்பும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல், மலை மேலிருக்கும் ஜமுனாமரத்தூரில் ஒரு மளிகைக் கடை போட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் படிப்புக்காக அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். முன்னால் கடை, நடுவில் ஓட்டு வீடு, பின்னால் பத்து எட்டு வைத்தால் முடிந்துபோகிற ஒரு புறக்கடை. அவர் கடையில் உட்கார்ந்தபிறகு எனக்குப் பேச்சுத் துணை என்று யாரும் கிடையாது. பிள்ளைகளை நினைத்துக்கொண்டே எத்தனை நேரம் பாத்திரம் தேய்ப்பது? கடைக்குச் சரக்கு ஏற்றிவரும் லாரியிலேயே வாணியம்பாடியிலிருந்து மண் தொட்டிகளை வரவழைத்தேன்.

ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ரோஜாக் குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேன். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு வாந்தி வந்துவிடும். அப்போதும் குச்சிகளை மட்டும் விடமாட்டேன். அத்தனை பாடும் வீண். ஒன்றை மார்கழிக் குளிர் கருக்கியது. ஒன்றைச் சந்தைக்கு வந்த ஆடு மேய்ந்தது. மற்றதையெல்லாம் நானே தண்ணீர் ஊற்றிக் கொன்றேன். "நீ போய் முன்னாடி நின்னாலே செடி பயந்து செத்துடுது" என்பார் அவர்.

இதைக் கேட்டு ஒரு சந்தை நாளில் வாய்விட்டுச் சிரித்தாள் ஒருத்தி. மலைக்குள்ளே மூன்று மைல் தள்ளி இருந்த ஊர் அவளுக்கு. புளி எடுக்கிற காலத்தில் புளியும், மற்ற நாட்களில் சாமையும் கொள்ளும் தலைச்சுமையாகக் கொண்டுவருவாள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். கடையில் சாமானைப் போட்டுவிட்டு, கால் கழுவுகிற சாக்கில் புறக்கடைப் பக்கம் வந்து, காலியாக வரிசையில் நின்ற என் தொட்டிகளைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, சட்டிக்கெல்லாம் சோறு போட்டு வளக்கிறியா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வெடுக்கென்று ஏதோ சொன்னேன். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் சாமை மூட்டைக்கு மேல் ஒரு தேக்கிலைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே மண் அப்பிய ஒரு கொத்துக் கிழங்கும், அதன் தலையில் ஒட்டிக்கொண்டிருந்த முள்கொடி ஒன்றும் இருந்தன. மலைக்காரர்கள் அதைத் தண்ணிமுட்டான் என்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் தண்ணீர்விட்டான் கிழங்கு என்று கேட்டால் கொடுப்பார்கள். அந்த மலையில் புதருக்குப் புதர் படர்ந்து கிடக்கிற சாதாரணக் கொடிதான்.

"இதையும் சாவடிச்சேன்னா நீ பெரிய ஆளுதான்" என்றாள்.

இருப்பதிலேயே பெரிய தொட்டியை அவளே தேர்ந்தெடுத்தாள். அடி ஓட்டையில் ஓட்டுச் சில் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, செம்மண்ணும் ஓடை மணலும் மக்கின ஆட்டுப் புழுக்கையும் கலந்து போட்டு, கொடியின் தலை மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரி நட்டாள். பக்கத்தில் ஒரு மூங்கில் சிம்பு. வெயில் காலையில் மட்டும் படுகிற சுவரோரமாகத் தொட்டியை நகர்த்தி வைத்தாள். இவ்வளவுதான் வேலை. கை கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

நான் சும்மா இருப்பேனா? காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு ஊற்றினேன். பத்து நாளில் கொடி மஞ்சள் பூத்து உதிரத் தொடங்கியது. மறுவாரம் வந்தவள் மண்ணில் விரல் விட்டுப் பார்த்தாள். தொட்டியை ஒருக்களித்துச் சாய்த்து, தேங்கியிருந்த தண்ணீரையெல்லாம் வடித்தாள். அப்புறம் என் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கி வாசற்படியில் வைத்தாள்.

"அடியில அது தண்ணிய மூட்ட கட்டி வெச்சினு கீதுக்கா. நீ வேற எதுக்கு ஊத்தற? மண்ணு நல்லா காயட்டும். காஞ்சப்பறம் ஊத்து. முடிஞ்சா அத மறந்துடு."

மறப்பதுதான் எனக்கு வராத வேலை. ஆனாலும் பழகிக்கொண்டேன். வாரத்துக்கு ஒருதரம், குளிர் காலத்தில் மாதத்துக்கு இரண்டுதரம் ஊற்றினேன். அது தேறிவிட்டது. தலைமுடியை விட மெல்லிய இலைகள் கொத்துக் கொத்தாய் விட்டு, மூங்கில் சிம்பைத் தாண்டி ஓட்டுச் சாய்ப்பின் மேலேறியது. முள் இருந்ததால் ஆடு வாய் வைக்கவில்லை. பூச்சி அண்டவில்லை. முதல் கோடையில் கொடி பழுத்துக் காய்ந்துபோனபோது நான் அழுதே விட்டேன். அவள் வந்து காய்ந்ததை அறுத்துப் போட்டுவிட்டு, "தூங்குது" என்றாள். முதல் மழை விழுந்த நாலாம் நாள், விரல் தடிமனில் ஒரு தளிர் மண்ணைப் பிளந்துகொண்டு நின்றது. அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒரு சாண் வளர்ந்தது. காலையில் எழுந்ததும் நான் போய்ப் பார்ப்பது அதைத்தான். என் வீட்டுக்காரர் கேலியை நிறுத்திக்கொண்டு, வருகிறவர்களை உள்ளே அழைத்து வந்து செடியைக் காட்டத் தொடங்கினார்.

இந்தச் செடியை வைத்து நாங்கள் இருவரும் நெருங்கிவிட்டோம். சந்தை நாளில் சாமானைப் போட்டதும் அவள் நேராகப் புறக்கடைக்கு வந்துவிடுவாள். தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்போம். அவள் தன் மாமியாரைத் திட்டுவாள். நான் என் நாத்தனார்களைத் திட்டுவேன். என் பிள்ளைகள் எழுதிய கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டுவேன். நான் அழுதால், "சும்மா இருக்கா, லீவு வுட்டா வரப் போவுதுங்க" என்று அதட்டுவாள். அந்த மலையில் என்னை அதட்டுகிற உரிமை அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது.

கொடி வைத்து மூன்றாம் வருஷம் அவள் தலைச்சன் பிள்ளை உண்டாகியிருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வந்த பிள்ளை. தை மாதத்தோடு சந்தைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பங்குனியில் பெண் குழந்தை பிறந்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். நான் என் பிள்ளைகளின் பழைய துணிகளைத் துவைத்து மடித்து, அடுத்த வெள்ளிக்கிழமை போய்ப் பார்ப்பதென்று எடுத்து வைத்திருந்தேன்.

அந்தப் பங்குனியில்தான் என் கொடி முதல்முறையாகப் பூத்தது. அந்த வருஷம் நான் மண்ணின் ஈரம் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் விட்டிருந்ததால் அது கோடைத் தூக்கத்துக்குப் போகவே இல்லை. நொய் அரிசியைத் தூவினாற்போலக் கொடி முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. வாசனை கடை வரைக்கும் வந்தது. என் கையால் ஒன்று பூத்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. என் அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். பிள்ளைகள் லீவுக்கு வரும்வரை பூ நிற்கவேண்டுமே என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

குழந்தை பிறந்த ஐந்தாம் நாள் மத்தியானம் அவள் புருஷன் புறக்கடைப் படலைத் தட்டினான். எப்போதும் கடை வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிற ஆள். பெண்பிள்ளைகளிடம் நின்று பேசுகிற வழக்கம் அவனுக்கு இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே தரையைப் பார்த்துப் பேசினான்.

"யம்மா, புள்ளைக்குப் பால் பத்தலைங்க. ராவெல்லாம் கத்துது. தண்ணிமுட்டான் கெழங்க இடிச்சிக் கஞ்சில போட்டுக் குடுத்தா பால் எறங்கும்ங்க. மூணு நாளா காட்ல தேடறேன். கொடியெல்லாம் காஞ்சி கொட்டிப் போச்சி, எந்த எடத்துல கீதுன்னே தெரிய மாட்டேங்குது. உங்க வூட்டுத் தொட்டில கீது, போய்க் கேட்டு வாங்கினு வான்னு எம் பொஞ்சாதிதான் அனுப்ச்சிதுங்க."

அவர்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு முதல் மாதம் அந்தக் கிழங்குதான் மருந்து. தோலை உரித்து, நடுவில் ஓடுகிற நரம்பை இழுத்துப் போட்டு, இடித்து, சாமைக் கஞ்சியில் வேகவைத்துக் கொடுப்பார்கள். எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியாதது வேறு. முள்ளங்கியைப் பிடுங்கினால் செடி போச்சு. அந்த மாதிரிதான் இதுவும் என்று நினைத்தேன். கிழங்கைத் தோண்டினால் கொடி செத்துவிடும், பூ போய்விடும், மறுபடி காலித் தொட்டியோடு உட்காரவேண்டும். அவன் பேசி முடிப்பதற்குள் என் புத்தி இத்தனையும் கணக்குப் போட்டுவிட்டது.

எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டுக்கும் பாலுக்குக் குறை வந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, பால் இல்லை என்பது எனக்கு ஒரு பெரிய ஆபத்தாகவே படவில்லை. ஆட்டுப்பால் கொடுப்பார்கள், பசும்பால் கொடுப்பார்கள், எப்படியோ வளர்ந்துவிடும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். அந்த நேரத்தில் நான் குழந்தையை நினைத்தேனா என்பதே சந்தேகம்தான்.

"இத்தனூண்டு தொட்டில இன்னா இருக்கப் போவுது? பாக்கறேன் இரு" என்றேன்.

அவன் படலுக்கு வெளியிலேயே நின்றான். தோசைத் திருப்பியை எடுத்துவந்து தொட்டியின் ஓரத்தில் லேசாகக் கிளறினேன். விரல் நீளத்தில் நாலு கிழங்கு வந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே கையை விட்டேன். குண்டு குண்டாக, ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு, கைக்கு எட்டிய இடமெல்லாம் கிழங்கு. கையை வெளியே எடுத்தேன். மண்ணைத் தள்ளி மூடி, உள்ளங்கையால் அழுத்தினேன்.

"நாலுதான் இருந்துச்சி. இன்னும் சரியாப் புடிக்கல" என்றேன்.

அவன் இரண்டு கையாலும் வாங்கித் துண்டில் முடிந்துகொண்டான். வெறுங்கையோடு அனுப்பக் கூசியதால் கடையிலிருந்து வெல்லம், பூண்டு, நொய் எல்லாம் தாராளமாகக் கட்டிக் கொடுத்தேன். அதெல்லாம் அவன் கேட்காதது. "நல்லா இருப்பீங்க யம்மா" என்று சொல்லிவிட்டு, வெயிலில் வந்த வழியே நடந்தான். நான் போய்ப் பூ உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. கடையில் ஆள் இல்லை என்று ஒரு காரணம் கிடைத்தது. அதற்கடுத்த சந்தைக்கு அவர்கள் ஊரிலிருந்து வந்த ஒரு பெண், மிளகாய் நிறுக்கும்போது, நாள் கிழமை சொல்கிற மாதிரி என் வீட்டுக்காரரிடம் சொன்னாள். குழந்தை செத்து மூன்று நாளாகிறது என்று. நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அன்றைக்கே புறப்பட்டுப் போனேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ஒன்றுமில்லை. காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அழவில்லை. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"நீ குடுத்தனுப்ச்ச கெழங்குல கொஞ்சம் பால் எறங்கிச்சிக்கா" என்றாள். "ரெண்டு நாள் வயிறு ரொம்பக் குடிச்சிது. நல்லாத் தூங்கிச்சி. அப்பறம் நின்னு போச்சி. ஆட்டுப்பால் ஊத்தினோம், வாந்தி எடுத்துடுச்சி."

அவள் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு நாளை நான் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். நான் அங்கேயே சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. பிள்ளையை நினைத்து நான் அழுவதாக எண்ணி அவளே என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளுடைய மாமியார் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

பல வருஷம் கழித்து வாணியம்பாடியில் ஒரு லேடி டாக்டரிடம், யாருக்கோ நடந்த மாதிரி இதைக் கேட்டேன். கிழங்கால் பால் ஊறும் என்பதற்கெல்லாம் உறுதி கிடையாது, தாய்க்கு நல்ல சாப்பாடு வேண்டும், குழந்தை எடை குறைவாய்ப் பிறந்திருக்கும், வேறு நோயும் இருந்திருக்கலாம் என்று பொறுமையாகச் சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டேன். ஆறுதலாக இல்லை. கிழங்கு பால் தருமா தராதா என்பதல்லவே விஷயம். தரும் என்று அவள் நம்பினாள். என்னிடம் அது தொட்டி நிறைய இருந்தது. தொழுகை முடித்து துஆவுக்குக் கை ஏந்தும்போதெல்லாம் உள்ளங்கையில் அந்த மண்ணை அழுத்தி மூடின ஞாபகம்தான் வந்தது.

ஆனி பிறந்ததும் அவள் மறுபடியும் சந்தைக்கு வரத் தொடங்கினாள். வந்தால் வழக்கம்போலப் புறக்கடையில்தான் உட்காருவாள். முன்னே மாதிரி மாமியாரைத் திட்டுவதில்லை. சில நாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து உட்கார்ந்திருப்பாள். எனக்கு அவள் வருவது வேண்டியும் இருந்தது, வேண்டாமலும் இருந்தது. அந்தத் தொட்டியை நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. செத்துப் போ என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். அதற்கென்ன, மழைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு என் தலைக்கு மேலே படர்ந்து நின்றது. அதற்கு நான் வேண்டவே வேண்டாம் என்பது அப்போதுதான் உறைத்தது. அப்படிப்பட்டதைக் காப்பாற்றத்தான் அன்றைக்கு நான் மண்ணை மூடினேன்.

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் அடைமழை. ஐந்தாம் நாள் சந்தை. அவள் தலையில் சாக்குக் கொங்காணியோடு நனைந்துகொண்டே புறக்கடைக்கு வந்தாள். நான் உள்ளே அடுப்பில் டீத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன்.

"யக்கா, தொட்டி வெடிச்சிருக்குது பாரு" என்று குரல் கொடுத்தாள்.

நான் ஓடி வருவதற்குள் அவள் விரிசலில் விரலைக் கொடுத்து இழுத்துவிட்டாள். தொட்டி இரண்டாகப் பிளந்து விழுந்தது. உள்ளே மண் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தொட்டியின் வடிவத்திலேயே, அடியிலிருந்து கழுத்து வரை, கிழங்கு. நூறு இருக்குமோ இருநூறு இருக்குமோ. ஒரு ஊரில் பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் போதும்.

அவள் குந்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு கிழங்கைத் திருகி எடுத்து, மழையில் காட்டிக் கழுவி, கட்டைவிரலால் தேய்த்தாள். இந்த வருஷம் விளைந்த கிழங்கு வெள்ளையாக இருக்கும். பழசு பழுப்பேறித் தோல் தடித்திருக்கும். இது யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். அவள் கையில் இருந்தது பழுப்பாக இருந்தது.

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் காலில் விழுந்திருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இந்த மழைக்கு ஊறினது போல கீது" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் பொய் சொல்லித் தவிப்பதைப் பார்த்து அவளுக்கு என்மேல் இரக்கம் வந்த மாதிரி இருந்தது. மறுபடியும் கிழங்கைப் பார்த்தாள்.

"ஆமாக்கா. மழைக்கு ஊறும்" என்றாள்.

பிறகு மளமளவென்று வேலை பார்த்தாள். கடைக்கு முன்னால் கிடந்த காலி டால்டா டின்னை எடுத்துவரச் சொன்னாள். ஆணியால் அதன் அடியில் ஓட்டை போட்டாள். வெளிச்சுற்றுக் கிழங்கில் பாதியைப் பிய்த்து ஒரு பக்கம் வைத்தாள். மீதிக் கிழங்கோடு கொடியின் தலையை டின்னில் இறக்கி, சுற்றிலும் மண்ணைத் தள்ளினாள். மேலே படர்ந்திருந்த கொடியை ஒரு சாண் விட்டு அறுத்துப் போட்டாள்.

"பாதிய எடுத்துட்டு தலைய மண்ணுல வெச்சிட்டா போதும். இது சாவாது. நாங்க காட்ல அப்டித்தான் தோண்டுவோம். ஒரு மாசத்துல குச்சி வுட்டுடும்" என்றாள்.

எனக்கு அது அதுவரைக்கும் தெரியாது. பாதியைக் கொடுத்திருந்தாலும் கொடி எனக்கே இருந்திருக்கும். அந்தக் கோடைக்குப் பூ மட்டும் போயிருக்கும். அது தெரிந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொல்லச் சொல்ல அது இன்னும் கேவலமாகத்தான் தெரிகிறது. செடி சாகாது என்று உறுதி தெரிந்தால்தான் ஒரு பச்சைப் பிள்ளைக்குக் கொடுப்பேன் என்றால், நான் யார்?

பிய்த்து வைத்த கிழங்குகளை வாளித் தண்ணீரில் அலசி, என் முந்தானையை இழுத்து விரிக்கச் சொல்லி அதில் கொட்டினாள். கனத்தது. எழுந்து சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"இனிமே யாராச்சும் பால் இல்லன்னு வந்து கேட்டா, குடுத்துடுக்கா" என்றாள்.

அடுப்பில் டீத் தண்ணீர் சுண்டிப் போயிருந்தது. அவள் டீ குடிக்காமல் போனாள்.

அதற்குப் பிறகும் அவள் எங்கள் கடைக்குத்தான் வந்தாள். என்னைக் கண்டால் சிரிப்பாள், பிள்ளைகளைப் பற்றிக் கேட்பாள். புறக்கடைக்கு மட்டும் வரமாட்டாள். நேரமாகிறது என்பாள், மழை வரும் என்பாள். நானும் கூப்பிட்டு வற்புறுத்தவில்லை. கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் கிழங்கு கொடுத்தேன். ஒருத்தியிடமும் முகம் சுளிக்காமல் அள்ளிக் கொடுத்தேன். கொடுத்தாலும் போனது திரும்பாது என்று தெரிந்தும் கொடுத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். தெரிந்த நாளிலிருந்து நான் அந்த டின்னை உயிராகப் பார்த்துக்கொண்டேன். பத்தாது என்று இன்னும் இரண்டு டின்னில் பிரித்து வைத்தேன். மாசியில் ஆண் குழந்தை பிறந்தது. அவள் புருஷன் கடைக்கு வந்து பூண்டும் வெல்லமும் வாங்கினான். நான் கதவோரம் வந்து, அவன் கண்ணில் படும்படி நின்றேன். குழந்தை நன்றாக இருக்கிறது என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

நாலாம் நாள் காலையில் மூன்று டின்னிலும் பாதிப் பாதி எடுத்து, கழுவி, துணியில் மூட்டை கட்டிக்கொண்டு நானே நடந்தேன். அவள் வீட்டு வாசலில் ஒரு பெரிய முறம் நிறையத் தண்ணிமுட்டான் கிழங்கு, தோல் உரித்து நரம்பு எடுத்து, காயப் போட்டிருந்தது. பக்கத்துச் சாக்கில் இன்னும் இருந்தது. கொடி பச்சையாக இருந்த மழைக் காலத்திலேயே, வயிற்றுப் பிள்ளையோடு காடு காடாக ஏறித் தோண்டிவந்து சேர்த்திருக்கிறாள். உள்ளே அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது விழுங்குகிற சத்தம் வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

என் மூட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். குழந்தையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"எதுக்குக்கா இந்த வெயில்ல இம்மாந்தூரம்?" என்றாள்.

மூட்டையை வாங்கி அவிழ்த்தாள். அவளுக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் முறத்தில் தன் கிழங்குகளை ஒதுக்கி இடம் செய்து, என்னுடையதையும் அதில் பரப்பினாள். வாசலில் வந்து நிற்கிறவளிடம் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.